வேலூர் மொட்டைமாடியில் ஒரு பழைய கடல்

"கோட்டைக் கல்ல உடைச்சுப் பாத்தா சங்கு கிடைக்குமாண்ணா?" பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான். கிடைக்காது. வேலூரைச் சுற்றி இருப்பது சார்னோகைட், நைஸ் போன்ற கருங்கல். பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியது, வயது சுமார் 250 கோடி ஆண்டு. கடலடியில் படிந்த மண் வேண்டுமென்றால் பெரம்பலூர் பக்கம் காரைக்குப் போக வேண்டும். அங்கே அரித்துக் கிடக்கும் களிமண், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் வாழ்ந்த கிரீட்டேசியக் காலத்துக் கடலின் வண்டல்.

நாம் தேடுவது ஃபோராமினிஃபெரா. ஒற்றைச் செல் கடலுயிரி. அதன் ஓடுகளை எண்ணித்தான் அந்தப் பழைய கடல் ஆழமா, ஆழமற்றதா என்று ஊகிக்கப் போகிறோம். பெரும்பாலும் சுண்ணாம்பு ஓடு. பெரும்பாலானவை கசகசாவைவிடச் சிறியவை.

1. மண் எடுப்பது

உரியவர்களிடம் அனுமதி கேளுங்கள். வெயில் மழை பட்ட மேல்மண்ணை ஒரு சாண் ஒதுக்கிவிட்டு, உள்ளிருந்து 200 கிராம் போதும். எந்த அடுக்கு, கீழிருந்து எத்தனை அடி என்று பையின் மேலேயே எழுதுங்கள். அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிரியின் புதைபடிவம்) கண்ணில் பட்டால் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.

2. ஊறவைப்பது

முதலில் மாடியில் நன்றாகக் காயவையுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு நாள் போதும். எலும்பாகக் காய்ந்த களிமண்தான் தண்ணீரில் பொலபொலவென்று உதிரும். பிறகு 100 கிராம் மண்ணை ஒரு ஸ்பூன் சலவைச் சோடா கலந்த தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். உரலில் இடிக்காதீர்கள், ஓடு நொறுங்கிவிடும். வினிகர், எலுமிச்சை, ஆசிட் எதுவும் கிட்டவே வரக்கூடாது. சுண்ணாம்பு ஓடு கரைந்தே போகும்.

3. அலசுவது

63 மைக்ரான் (0.063 மி.மீ.) கண்ணியுள்ள சல்லடையில் கொட்டி, மெதுவாக விழும் தண்ணீரில், கலங்கல் நிற்கும்வரை அலசுங்கள். கழிவுநீர் பக்கெட்டில் விழட்டும். களிமண் சாக்கடைக் குழாயை அடைத்துவிடும். அடுத்த மாதிரிக்கு முன் சல்லடையை மெத்திலீன் நீலம் என்ற சாயத்தில் முக்கி எடுப்பது ஆய்வுக்கூட வழக்கம். முந்தைய மண்ணின் ஓடு ஏதாவது கண்ணியில் ஒட்டியிருந்தால் நீலமாகத் தெரியும், அதை எண்ணாமல் ஒதுக்கலாம். எனக்கு மிகப் பிடித்த உத்தி இது. இரண்டு அடுக்கின் ஓடுகள் கலந்தால் இரண்டு கடல்களும் கலந்துவிடும்.

4. பொறுக்குவது

சல்லடையில் மிஞ்சிய துகளைக் காயவைத்து, கறுப்புத் தட்டில் தூவி, 40 மடங்கு பெரிதாக்கும் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். மிக மெல்லிய பிரஷின் நுனியை ஈரமாக்கித் தொட்டால் ஓடு ஒட்டிக்கொண்டு வரும். அழகானதை மட்டும் எடுக்கக் கை துறுதுறுக்கும். கூடாது, வருவதையெல்லாம் வரிசையாக எடுங்கள். சுமார் 300 ஓடு சேரட்டும்.

5. கடலைப் படிப்பது

இதற்காகத்தான் இத்தனை பாடும். ஓடுகளை இரண்டாகப் பிரியுங்கள். உப்பிய குமிழிகள் சேர்ந்தது போல இருப்பவை பெரும்பாலும் நீரில் மிதந்து வாழ்ந்தவை. மற்றவை கடலடியில் வாழ்ந்தவை. மிதந்தவை நூற்றுக்கு 20-க்கும் குறைவென்றால் பொதுவாகக் கரையோர ஆழமற்ற கடல். பாதியைத் தாண்டினால் கரையிலிருந்து தள்ளிய, ஆழம் கூடிய கடல். அடிவாசிகளில் மெல்லிய ஓட்டோடு நீண்டு ஒடுங்கியவை மட்டும் கூட்டமாக இருந்தால், அடியில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். மணலைத் தானே ஒட்டிக் கட்டிய ஓடுகளே மிஞ்சியிருந்தால் அவசரப்படாதீர்கள்: சுண்ணாம்பு ஓடுகள் பிற்பாடு கரைந்திருக்கவும் கூடும். மிதவை ஓடுகள் மெல்லியவை, அவைதான் முதலில் கரையும். அப்போது ஆழக்கடல்கூட ஆழமற்றதாகத் தோன்றும்.

ஒரே ஓட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். அது நீரோட்டத்தில் வேறெங்கிருந்தோ உருண்டு வந்ததாக இருக்கலாம். தேய்ந்து நிறம் மாறியிருந்தால் சந்தேகப்படுங்கள். மொத்தக் கூட்டமும் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு அடுக்கு முடிந்ததும் அதற்கு மேலடுக்கை இதே போல எண்ணி, இரண்டு விகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மேலடுக்கில் மிதவை கூடியிருந்தால் அந்த இடத்தில் கடல் ஆழமாகிக்கொண்டு வந்திருக்கலாம்.