ஃபிட்னஸ் கணக்கில் நான் பட்ட சூடு

பரிணாமம் படிக்கத் தொடங்கியவர்களின் சோதனைக் குறிப்புகளைத் திருத்த உட்கார்ந்தால், என் பழைய நோட்டையே திரும்பப் படிக்கிறேனோ என்று தோன்றும். பரிணாமத்தில் ஃபிட்னஸ் என்றால் சந்ததி விடும் திறன், உடல் வலிமை இல்லை என்பதை எல்லாரும் சொல்லியாகிவிட்டது, அதை விடுகிறேன். அடிக்கடி கண்ணில் படும் மற்ற பிழைகள் இவை.

சந்ததியை எண்ணிவிட்டு அதுவே ஃபிட்னஸ் என்பது

எனக்கு நான்கு மாத உழைப்பு போனது இதில்தான். பழ ஈயில் இரண்டு ரகம், ரகத்துக்கு மூன்றே குப்பி. வெளிவந்த ஈக்களை எண்ணிக் கூட்டினால் முதல் ரகம் ஒன்றரை மடங்கு. உடனே "முதல் ரகத்துக்கு ஃபிட்னஸ் அதிகம்" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். நோட்டைப் புரட்டிய மூத்தவர் ஒருவர், இரண்டாம் ரகத்தின் ஒரு குப்பியில் பூஞ்சை பிடித்துப் புழுக்கள் செத்ததை நானே ஓரத்தில் குறித்திருந்ததைக் காட்டி, "இது ஈயின் குணமா, பூஞ்சையின் வேலையா?" என்றார். பதில் இல்லை. அப்புறம் முப்பது முப்பது குப்பி வைத்துப் பார்த்தபோது அந்த வித்தியாசமே காணாமல் போனது.

பூஞ்சை இரண்டாம் ரகத்தையே தேடிப் பிடிக்கிறது என்றால் அது ஃபிட்னஸ் கணக்கில் சேரும். எந்தக் குப்பியிலும் பிடிக்கலாம் என்றால் வெறும் அதிர்ஷ்டம். மூன்று முறை சுண்டி மூன்றும் தலை விழுந்தால் நாணயத்தில் பூவே இல்லை என்று சொல்வோமா? குறிப்பிட்ட சூழலில் ஒரு மரபணு வகை சராசரியாக எவ்வளவு சந்ததி விடும் என்று எதிர்பார்க்கலாமோ, அதுதான் ஃபிட்னஸ். விட்டுவிட்ட எண்ணிக்கை அதற்கு ஒரு தடயம், அவ்வளவே. இரண்டையும் ஒன்றாக்கினால் "தக்கது பிழைத்தது, ஏன் தக்கது, பிழைத்ததால்" என்று வட்டமடிக்க வேண்டியதுதான். தத்துவவாதி ஸ்பென்சர் 1864-இல் உருவாக்கி, டார்வின் 1869-இல் தன் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் ஐந்தாம் பதிப்பில் சேர்த்துக்கொண்ட "தக்கது பிழைக்கும்" என்ற தொடர்மீது இந்தக் குற்றச்சாட்டு நெடுநாள் இருந்தது. 1979-இல் அறிவியல் தத்துவவாதிகளான மில்ஸும் பீட்டியும் ஃபிட்னஸ் என்பது விளைவு இல்லை, அதை நோக்கிய இயல்பு என்று தெளிவாக எழுதினார்கள். ஆனாலும் மாணவர்கள் இன்றும் மூன்றே குப்பியோடு வருகிறார்கள்!

நீண்ட ஆயுளை ஃபிட்னஸ் என்பது

கோவேறு கழுதை. ஆயுள் உண்டு, வாரிசு அநேகமாக இல்லை.

சூழலைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது

இரத்தச் சிவப்பணுவை அரிவாள் வடிவாக்கும் அரிவாள் செல் மரபணு ஒரு பிரதி மட்டும் இருந்தால் மலேரியா உள்ள இடத்தில் லாபம். மலேரியா இல்லாத இடத்தில் அந்த லாபம் எங்கே?

தலைமுறைகளைக் கூட்டிச் சராசரி எடுப்பது

ஒரு வகை தலைமுறைக்கு இரண்டு மடங்காகிறது. இன்னொன்று ஒரு தலைமுறையில் நான்கு மடங்கு, அடுத்ததில் பாதி. கூட்டிப் பார்த்தால் இரண்டாவதன் சராசரி 2.25, அதுவே மேல் என்று தோன்றும். ஆனால் தலைமுறைகள் பெருக்கலில் போகின்றன: இரண்டு தலைமுறை முடிவில் முதல் வகை நான்கு மடங்கு, இரண்டாவது வெறும் இரண்டு.