வகுப்பறை அனுபவத்தை எழுதும் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடம் முடிந்ததும் அன்றைய வகுப்பைப் பற்றி யோசித்து நாலு வரி எழுதி வைப்பது ஆசிரியருக்குப் பெரிய துணை. ஆசிரியர் பயிற்சியில் இதை ரிஃப்ளெக்டிவ் ஜர்னல் என்பார்கள். ஆர்வமாகத் தொடங்கும் பலர் சில வாரங்களில் விட்டுவிடுகிறார்கள். நேரமில்லை என்று சொன்னாலும், எழுதி எழுதியும் வகுப்பில் எதுவும் மாறவில்லை என்ற சலிப்பே பெரும்பாலும் உண்மையான காரணம். எழுதும் விதத்தைச் சரிசெய்தால் அந்தச் சலிப்பு வராது.

மிகப் பரவலான தவறு, நடந்ததைப் பட்டியல் போடுவது. "இன்று பின்னங்கள் நடத்தினேன். பயிற்சிக் கணக்குகள் கொடுத்தேன். பெரும்பாலானோர் சரியாகச் செய்தார்கள். சிலருக்குப் புரியவில்லை." இதைப் படித்துவிட்டு நாளை என்ன செய்யலாம் என்று எழுதியவராலேயே சொல்ல முடியாது. யாருக்குப் புரியவில்லை? எந்த இடம் புரியவில்லை? அது எப்படித் தெரிந்தது?

அதே வகுப்பை இப்படி எழுதிப் பாருங்கள்: "1/3 பெரிதா, 1/4 பெரிதா என்று கேட்டேன். ஒரு மாணவி 1/4 என்றாள். ஏன் என்றதற்கு, மூன்றைவிட நான்கு பெரியதுதானே என்றாள். இன்னும் சிலர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். கீழே உள்ள எண் கூடினால் பின்னம் சிறிதாகும் என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன்."

இப்போது யோசிக்க ஏதோ கிடைக்கிறது. அந்தப் பெண் குருட்டாம்போக்கில் பதில் சொல்லவில்லை. முழு எண்களில் பழகிய நியாயத்தைப் பின்னத்துக்கும் கொண்டுவந்திருக்கிறாள். ஆசிரியர் ஒரு விதியைக் கொடுத்தாரே தவிர, அது ஏன் அப்படி என்று அவள் கண்ணால் பார்க்க வழிசெய்யவில்லை. இதை அப்படியே விட்டால் கூட்டல் வரும்போது 1/3-ஐயும் 1/4-ஐயும் கூட்டி 2/7 என்று எழுதுவாள். மேலெண்ணை மேலெண்ணோடும் கீழெண்ணைக் கீழெண்ணோடும் கூட்டுவதும் அதே நியாயம்தானே! சரி, நாளைக்கு ஒரே நீளமுள்ள இரண்டு காகிதப் பட்டைகளைக் கொடுத்து, ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் மடிக்கச் சொல்லலாம். ஐந்து வரிக் குறிப்பு அடுத்த வகுப்பின் திட்டத்தையே தந்துவிட்டது. முழு வகுப்பையும் எழுத வேண்டியதில்லை. ஒரு நிகழ்வை உற்றுப் பார்த்தால் போதும்.

அடுத்தது, தீர்ப்பு எழுதுவது. "நன்றாகப் போனது" என்பதும் தீர்ப்புதான், "சொதப்பிவிட்டேன்" என்பதும் தீர்ப்புதான். அக்கறையுள்ள ஆசிரியர்கள்தான் இரண்டாவதில் அதிகம் சிக்குகிறார்கள். தன்னையே திட்டிக்கொண்டால் மனம்தான் பாரமாகிறது, பாடம் மேம்படுவதில்லை. நன்றாகப் போன வகுப்பையும் கிளறிப் பார்க்க வேண்டும். எந்தக் கேள்வியில் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள் என்று தெரியாவிட்டால் அந்த வெற்றியைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பழியை வெளியே போடுவதும் உண்டு. "கேள்வி கேட்டால் வாயே திறப்பதில்லை" என்று எழுதுவதில் உண்மை இருக்கலாம். அதோடு நிறுத்தாமல், கேள்வி கேட்டபின் நான் எவ்வளவு நேரம் பொறுத்திருந்தேன் என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளைக் கவனித்து 1970-களில் எழுதியது இங்கே உதவும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடி அல்லது அதற்கு மேல் காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மாணவரைப் பற்றிய புகாரை நம் கையில் உள்ள ஒன்றைப் பற்றிய கேள்வியாக மாற்றினால் வழி தெரியும்.

படிவம் நிரப்புவது போல எழுதுவதையும் சொல்ல வேண்டும். அனுபவத்தை அலசிப் பார்க்கக் கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் 1988-இல் தந்த ஆறு படிகள் பலருக்குத் தெரிந்திருக்கும்: நடந்தது, உணர்ந்தது, மதிப்பீடு, அலசல், முடிவு, செயல்திட்டம். புதிதாக எழுதுபவருக்கு நல்ல ஊன்றுகோல். தினமும் ஆறு கட்டத்தையும் நிரப்ப வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் கைதான் எழுதும், மனம் எழுதாது. ஆழ்ந்த சிந்தனை ஒரு குழப்பத்திலிருந்து, ஒரு தடுமாற்றத்திலிருந்துதான் தொடங்குகிறது என்று அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1910-லேயே எழுதினார். அன்று எங்கே தடுமாறினீர்களோ அங்கிருந்து தொடங்குங்கள். தடுமாற்றமே இல்லாத நாளுக்கு இரண்டு வரி தாராளம்.

வார இறுதியில் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பிள்ளை சொன்ன வார்த்தை அப்படியே நினைவில் இருப்பது அன்றைக்கு மட்டும்தான். அப்புறம் நாம் அதற்குக் கொடுத்த விளக்கம்தான் மிஞ்சும்.

தன் பார்வையை மட்டும் நம்புவதும் குறைதான். ஆசிரியர் தன் வேலையைப் பார்க்க உதவும் பார்வைகளைக் கல்வியாளர் ஸ்டீஃபன் ப்ரூக்ஃபீல்ட் 1995-இல் நான்கு கண்ணாடிகள் என்று பிரித்துக் காட்டினார்: சொந்த அனுபவம், மாணவர் பார்வை, சக ஆசிரியர் பார்வை, கல்வி ஆய்வுகள். நம்மில் பலர் முதல் கண்ணாடியை மட்டும் போட்டுக்கொண்டு எழுதுகிறோம். வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, இன்று எது குழப்பமாக இருந்தது என்று துண்டுச் சீட்டில் பெயர் போடாமல் எழுதித் தரச் சொன்னால் இரண்டாவதும் கிடைத்துவிடும்.

தலைமை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் குறிப்பேடுகளை வாங்கி மதிப்பெண் போடாதீர்கள். மேலதிகாரி படிப்பார் என்று தெரிந்த உடனேயே தடுமாற்றங்கள் மறைந்து சாதனைகள் மட்டும் எழுதப்படும்.

எழுதியதைத் திரும்பப் படிக்காமல் இருப்பதுதான் மிகப் பெரிய இழப்பு. மாதம் ஒருமுறை பென்சிலோடு உட்கார்ந்து, மறுபடி மறுபடி வருவதைக் கோடிட்டுப் பாருங்கள். பின்னம், பரப்பளவு, விகிதம் என்று பாடம் மாறிக்கொண்டே இருக்க, "விதியைச் சீக்கிரமே சொல்லிவிட்டேன்" என்ற வரி மட்டும் மாறாமல் வந்திருக்கலாம். அடுத்த மாதம் கவனிக்க வேண்டியது அந்த ஒன்றைத்தான்.

குறிப்பைச் சக ஆசிரியரிடம் காட்டுவதாக இருந்தால் மாணவர் பெயரையும் வீட்டு நிலைமையையும் முதலில் நீக்கிவிடுங்கள். பெயரை எடுத்துவிட்டு, "அப்பா இல்லாத பையன்" என்று அடையாளத்தை விட்டுவைத்தால் யாரென்று பள்ளிக்கே தெரிந்துவிடும்.