ஊர் ஏசுவதெல்லாம் குற்றமா? பிரித்துப் பார்க்கும் முறை

ஊரே காறித் துப்பும் செயலுக்குச் சட்டத்தில் தண்டனை இல்லாமல் இருக்கலாம். ஊரே கூடி வாழ்த்தும் செயலுக்குச் சிறை இருக்கலாம். முன்னது நெறிபிறழ்வு, பின்னது குற்றம். கொலை, திருட்டு போன்றவை இரண்டுமே.

முதலில் நடந்ததை வினைச்சொல்லால் எழுதுங்கள். "தறிகெட்டுத் திரிகிறான்" என்பது தீர்ப்பு, செயல் அல்ல. யார், எங்கே, எப்போது, என்ன செய்தார், யாருக்கு என்ன பாதிப்பு என்று எழுதினால் போதும்.

அடுத்து அதற்கான சட்டப் பிரிவைத் தேடுங்கள். பிரிவு இல்லையென்றால் குற்றம் இல்லை. நடந்த தேதியும் முக்கியம்: 2024 ஜூலை 1 முதல் நடந்தவற்றுக்குப் புதிய பொதுக் குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, அதற்கு முந்தையவற்றுக்கு பழைய இந்திய தண்டனைச் சட்டம். செய்த நாளில் குற்றமாக இல்லாத ஒன்றுக்குப் பின்னால் வந்த சட்டத்தைக் காட்டித் தண்டிக்க அரசியல் சாசனத்தின் 20(1)ஆம் பிரிவு இடம் தராது. பழைய புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். திருமணம் தாண்டிய உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத்தில் செல்லாததாகிவிட்டது. அந்த உறவைக் காட்டி விவாகரத்து கேட்கலாம்; கைது செய்யச் சொல்ல முடியாது.

பொதுச் சட்டத்தில் இல்லை என்றதும் தேடலை நிறுத்திவிடாதீர்கள். வரதட்சணைக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. அதன் 3ஆம் பிரிவுப்படி வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். பொதுவாகக் குறைந்தபட்சமே 5 ஆண்டு சிறை. ஆனால் கல்யாண மண்டபத்தில் யாரும் முகம் சுளிப்பதில்லை. இந்த மௌனம்தான் நம்மை அதிகம் உறுத்த வேண்டும்.

ஒரே பழக்கம் எங்கே கோட்டைத் தாண்டுகிறது என்பதையும் பாருங்கள். டாஸ்மாக்கில் வாங்கிய பாட்டிலை ஒருவர் வீட்டுத் திண்ணையில் குடிக்கிறார். அக்கம்பக்கம் ஏசும், அவ்வளவுதான். அதே போதையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஆட்களுக்குத் தொல்லை கொடுத்தால் நியாய சன்ஹிதா 355: 24 மணி நேரம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்து, அல்லது சமூக சேவை. பைக்கை எடுத்து, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185: முதல் முறையே 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். குடி ஒன்றுதான், பிறருக்கு வரும் ஆபத்து ஏற ஏறச் சட்டம் உள்ளே வருகிறது.

வெறும் நெறிபிறழ்வு என்று தெரிந்தால், யாருடைய நெறி என்று கேளுங்கள். 18 நிரம்பிய பெண்ணும் 21 நிரம்பிய ஆணும் சாதி தாண்டி மணந்தால், நெறி கெட்டது என்று ஊர் சொல்லும். சட்டம் அந்த ஜோடியின் பக்கம். கொன்றுவிடுவோம் என்று அவர்களை மிரட்டுகிறவர்கள்தான் நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவில் வருவார்கள். இத்தகைய திருமணத்தைத் தடுக்கக் கூட்டம் கூடுவதே சட்டவிரோதம் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படி மிரட்டல் வந்தால், வயதுச் சான்று நகல்களை இணைத்து, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் பாதுகாப்பு கேட்டு மனுவை எழுத்தில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.