ஐஸ் ஹாக்கி பிளேஆஃப்: ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022-23 பருவத்தில் பாஸ்டன் புரூயின்ஸ் அணி 82 லீக் ஆட்டங்களில் 65-ஐ வென்று 135 புள்ளிகள் குவித்தது. வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். வரலாற்றில் அதற்கு முன் எந்த அணியும் அந்த உயரத்தைத் தொட்டதில்லை. லீக் கட்டத்துக்குப் பின் வருவது பிளேஆஃப்: ஒவ்வொரு சுற்றிலும் நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணி முன்னேறும், மற்றது வெளியேறும். அதன் முதல் சுற்றில் பாஸ்டனுக்கு எதிராக வந்தது புளோரிடா பாந்தர்ஸ்: 92 புள்ளிகளுடன் கிழக்கு மண்டலத்துக்கான கடைசி பிளேஆஃப் இடத்தைப் பிடித்து உள்ளே நுழைந்த அணி. முதல் நான்கு ஆட்டங்களில் மூன்று பாஸ்டனுக்கு. அடுத்த மூன்றும் புளோரிடாவுக்கு. ஏழாவது ஆட்டத்தில், பாஸ்டனின் சொந்த அரங்கில், சுமார் ஒரு நிமிடமே மீதமிருந்தபோது பிராண்டன் மாண்டூர் கோல் அடித்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் கார்ட்டர் வெர்ஹேகி அடித்த கோலுடன் சாதனை அணியின் பருவம் முடிந்துபோனது.

புள்ளிப்பட்டியலை வைத்து பிளேஆஃபைக் கணிப்பதுதான் ரசிகர்கள் செய்யும் முதல் தவறு. என் கணக்கில் மிகப் பெரிய தவறும் அதுவே. 2018-19இல் டாம்பா பே லைட்னிங் 62 வெற்றி, 128 புள்ளிகளுடன் முதலிடத்தில் இருந்தது. கொலம்பஸ் அணியிடம் முதல் சுற்றில் ஒரு ஆட்டத்தைக்கூட வெல்லாமல் 0-4 என வெளியேறியது. லீக் கட்டத்தில் முதலிடம் பிடிக்கும் அணிக்குப் பிரெசிடென்ட்ஸ் கோப்பை தருகிறார்கள். 2013இல் சிகாகோ அந்தக் கோப்பையையும், பிளேஆஃப் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையையும் சேர்த்து வென்றது. அதன் பிறகு 2025 வரை வேறு எந்த அணிக்கும் அது வாய்க்கவில்லை. மறுபுறம், 2012இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸ் மேற்கு மண்டலத்தின் எட்டாவது இடத்திலிருந்து கிளம்பிக் கோப்பையைத் தூக்கியது.

'பெரிய அணி அலட்சியமாக ஆடிவிட்டது' என்று இதை விளக்குவது ஆட்டத்தைப் பார்க்காதவர் சொல்லும் விளக்கம். லீக் கட்டமும் பிளேஆஃபும் வேறு வேறு விதமான போட்டிகள். லீக்கில் ஒவ்வொரு இரவும் புது எதிராளி, இடையே விமானப் பயணம், சில வாரங்களில் அடுத்தடுத்த நாட்களில் ஆட்டம். முதன்மை கோல்கீப்பருக்கு அவ்வப்போது ஓய்வும் கிடைக்கும். ஆட்டம் சமனானால் அணிக்கு மூன்று பேர் என ஐந்து நிமிடம் ஆடுவார்கள், அப்போதும் முடியாவிட்டால் ஷூட்அவுட். அதில் தோற்ற அணிக்கும் ஒரு புள்ளி உண்டு. பட்டியலில் மின்னும் புள்ளிகளில் ஒரு பகுதி இப்படி வந்தது. பிளேஆஃபில் ஷூட்அவுட்டும் இல்லை, தோற்ற அணிக்குப் புள்ளியும் இல்லை. ஒரே எதிராளியைப் பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு வாரம் வரை சந்திக்க வேண்டும். உங்கள் அணியின் பவர் பிளே (எதிரணி வீரர் தண்டனையால் வெளியே உட்கார்ந்திருக்கும்போது ஓர் ஆள் கூடுதலாக ஆடும் தாக்குதல்) ஒரு குறிப்பிட்ட குறுக்குப் பாஸை நம்பியிருந்தால், மூன்றாவது ஆட்டத்துக்குள் எதிரணிப் பயிற்சியாளர் அந்தப் பாதையை அடைத்திருப்பார். அதற்கு மாற்று வைத்திருக்கும் அணிதான் மேலே போகும். எனவே பட்டியலைப் பாருங்கள். ஆனால் கடைசி இரண்டு மாதங்களில் அணி எப்படி ஆடியது, இரு பக்கமும் ஐந்து பேர் ஆடும் வழக்கமான ஆட்டத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். செயின்ட் லூயிஸ் புளூஸ் 2019 ஜனவரித் தொடக்கத்தில் லீக்கிலேயே கடைசி இடத்தில் கிடந்தது. அதே ஆண்டு ஜூனில் சாம்பியன் ஆனது.

அடுத்தது, ஒரு ஆட்டத்தின் முடிவை வைத்துத் தொடருக்கே தீர்ப்பு எழுதுவது. 2011 இறுதிச்சுற்றில் வான்கூவர் முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றது. மூன்றாவதில் பாஸ்டன் 8-1, நான்காவதில் 4-0. ஐந்தாவதில் மீண்டும் வான்கூவர் 1-0. ஏழு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டினால் பாஸ்டன் 23, வான்கூவர் 8. ஆனால் தொடரோ ஏழாவது ஆட்டம் வரை இழுபறியாகவே இருந்தது. எட்டு கோல் அடித்தாலும் ஒரே வெற்றிதான், ஒரே ஒரு கோல் அடித்தாலும் அதே வெற்றிதான். பெரிய தோல்விக்கு மறுநாள் துவண்டுபோவதும், பெரிய வெற்றிக்கு மறுநாள் அடுத்த சுற்றைப் பற்றிப் பேசுவதும் வீண். 0-3 எனப் பின்தங்கிய அணி நான்கையும் வென்று தொடரைக் கைப்பற்றியது மிக அரிது என்பது உண்மை. 1942இல் டொரண்டோ, 1975இல் நியூயார்க் ஐலண்டர்ஸ், 2010இல் ஃபிலடெல்ஃபியா, 2014இல் லாஸ் ஏஞ்சல்ஸ். ஆனாலும் அது நடந்திருக்கிறது.

பாதியில் எழுந்து போகாதீர்கள். 2013 மே 13, பாஸ்டன், முதல் சுற்றின் ஏழாவது ஆட்டம். மூன்றாவது, அதாவது கடைசிப் பகுதியில் டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் 4-1 என முன்னிலை. பாஸ்டன் ஒன்றைத் திருப்பி 4-2 ஆக்கியது. பிறகு கோல்கீப்பரை வெளியே அழைத்து, அவருக்குப் பதில் கூடுதலாக ஒரு தாக்குதல் வீரரை இறக்கியது. கடைசி 82 விநாடிகளில் இரண்டு கோல்கள், அவற்றுக்கு இடையே வெறும் 31 விநாடி. கூடுதல் நேரத்தில் பட்ரீஸ் பெர்ஜரான் முடித்துவைத்தார். டொரண்டோவில் குடியேறி லீஃப்ஸைத் தங்கள் அணியாக ஏற்றுக்கொண்ட தமிழர் பலருக்கு அந்த இரவு இன்னும் ஆறாத வலி. இரண்டு கோல் முன்னிலையை நம்பித் தூங்கப் போனவர்கள் காலையில் செய்தியைப் படித்து நம்ப மறுத்தார்கள்.

கூடுதல் நேரம் பற்றிய குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். பிளேஆஃபில் ஷூட்அவுட் இல்லை, மூன்றுக்கு மூன்றும் இல்லை. முழு அணிகளுடன் இருபது இருபது நிமிடமாக ஆடுவார்கள். முதல் கோல் விழும் நொடியில் ஆட்டம் முடியும். 1936இல் டெட்ராய்ட் அணியும் மான்ட்ரியல் மரூன்ஸ் அணியும் ஆறாவது கூடுதல் பகுதி வரை போனார்கள். இன்றளவும் அதுதான் மிக நீண்ட ஆட்டம். 2020இல் டாம்பா பே அணிக்கு எதிராகக் கொலம்பஸ் கோல்கீப்பர் யோனஸ் கோர்பிசாலோ ஐந்தாவது கூடுதல் பகுதி வரை நீண்ட ஆட்டத்தில் மொத்தம் 85 ஷாட்களைத் தடுத்தும் அவர் அணி தோற்றது. இந்தியாவிலிருந்து பார்ப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். கிழக்குக் கரையில் இரவு 7 மணி ஆட்டம் நமக்கு அதிகாலை 4.30. மேற்குக் கரை ஆட்டம் பெரும்பாலும் காலை 7.30ஐ ஒட்டித் தொடங்கும். ஏழு மணிக்குள் முடிந்துவிடும் என்று நம்பி வேறு வேலையை வைத்துக்கொண்டால், ஆட்டத்தின் உயிரான பகுதியைத்தான் இழப்பீர்கள்.

இனி, பார்க்கும் முறைக்கு வருகிறேன். கேமரா பக் எனப்படும் ரப்பர் வட்டைப் பின்தொடர்கிறது. நம் கண்ணும் பக்கோடு ஓடுகிறது. ஆனால் பிளேஆஃப் கோல்களில் பல, பக் வலைக்குள் போவதற்கு முப்பது நாற்பது விநாடிகளுக்கு முன்பே உருவாகிவிடுகின்றன. ஒரு வீரர் ஒரு தடவை பனியில் இறங்கினால் முக்கால் நிமிடம் போல முழு வேகத்தில் ஆடுவார், பிறகு பெஞ்சுக்குத் திரும்புவார். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்த மாற்றம் நடக்கும். முதல், மூன்றாம் பகுதிகளில் அணியின் பெஞ்ச் அது காக்கும் கோலுக்கு அருகில் இருக்கும். இரண்டாம் பகுதியில் முனை மாறுவதால் பெஞ்ச் தூரத்துக்குப் போய்விடும். முதல் கூடுதல் பகுதியிலும் இதே நிலைதான். தன் முனையில் மாட்டிக்கொண்ட தடுப்பாட்டக்காரர் பெஞ்சுக்குப் போக நெடுந்தூரம் சறுக்க வேண்டும். அதற்குள் எதிரணி கோல் அடித்துவிடும் என்பதால் அவர் நகர முடியாது. ஒரு நிமிடத்தைத் தாண்டியதும் கால்கள் நிற்கும், முதுகு வளையும், ஸ்டிக்கை முழங்காலில் ஊன்றுவார். வேறு வழியின்றி பக்கை நெடுந்தூரம் அடித்து எதிர்முனைக்குத் தள்ளினால் ஐசிங் விசில் ஊதப்படும். ஐசிங் செய்த அணி ஆட்களை மாற்றக் கூடாது. அதே களைத்த ஐவர் மீண்டும் தங்கள் கோலுக்கு முன்பே நிற்க வேண்டும். ரீப்ளேயில் கடைசிப் பாஸை மட்டும் பார்ப்பவர், 'காவலில்லாமல் விட்டுவிட்டாரே' என்று ஒருவரைத் திட்டுவார். அவர் அந்த நேரத்தில் எத்தனை விநாடிகளாகப் பனியில் நிற்கிறார் என்று பார்க்கப் பழகுங்கள். ஆட்டம் வேறு மாதிரித் தெரியத் தொடங்கும்.

விசிலுக்குப் பின் ஆட்களை மாற்றும்போது, கடைசியாக மாற்றும் உரிமை சொந்த அரங்கில் ஆடும் அணிக்கு உண்டு. எதிரணியின் நட்சத்திரம் இறங்குவதைப் பார்த்த பிறகு தன் சிறந்த தடுப்பு ஜோடியைப் பயிற்சியாளர் அனுப்பலாம். நட்சத்திர வீரர் சொந்த ஊரில் ஜொலித்து வெளியூரில் அடங்கிப்போனால், அவரைக் குறை சொல்லும் முன் எதிரே யார் நின்றார்கள் என்று பாருங்கள்.

நடுவர்களைப் பற்றி: விதி தெரியாமல் கொதிப்பதில் பயனில்லை. இரண்டு நிமிடத் தண்டனை, எதிரணி கோல் அடித்ததும் முடிந்துவிடும். ஐந்து நிமிடத் தண்டனை எத்தனை கோல் விழுந்தாலும் முழுதாக ஓடும். 2019இல் சான் ஹோசே, வேகஸ் அணிக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் 0-3 எனத் தவித்தபோது இப்படி ஒரு ஐந்து நிமிடம் கிடைத்தது. அதற்குள் நான்கு கோல் அடித்தது, கூடுதல் நேரத்தில் 5-4 என வென்றது. அந்தத் தண்டனை சரியில்லை என்ற ரசிகர்களின் கோபம் நியாயமானதே. அடுத்த பருவத்திலிருந்து இத்தகைய பெரிய தண்டனைகளை நடுவர்கள் வீடியோவில் மறுபரிசீலனை செய்ய விதி வந்தது.

வீரர்களைச் சோம்பேறி என்றும் கோழை என்றும் வசைபாடுவதுதான் என்னை மிகவும் வருத்தும் தவறு. பிளேஆஃப் காலத்தில் அணிகள் காயங்களை மறைக்கும். 'மேல் உடலில் காயம்' என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. 2013 இறுதிச்சுற்றின் கடைசி ஆட்டத்தை பெர்ஜரான் உடைந்த விலா எலும்போடும், விலகிய தோளோடும் ஆடினார். ஆட்டம் முடிந்த பிறகு நுரையீரலில் துளை இருப்பதும் தெரியவந்தது. 1986இல் எட்மன்டனின் இளம் தடுப்பாட்டக்காரர் ஸ்டீவ் ஸ்மித், தன் 23ஆம் பிறந்தநாளன்று, கல்கரிக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் பக்கைத் தன் கோல்கீப்பரின் காலில் அடித்து, அது சொந்த வலைக்குள் போனது. அணி அத்துடன் வெளியேறியது. மறு ஆண்டு எட்மன்டன் கோப்பையை வென்றபோது கேப்டன் வெய்ன் கிரெட்ஸ்கி அதை முதலில் ஸ்மித்தின் கையில்தான் கொடுத்தார். உடன் ஆடியவர்களே மன்னித்ததை மன்னிக்காமல் இருக்க ரசிகருக்கு என்ன உரிமை?

சொந்த அணி வெளியேறியதும் பார்ப்பதையே நிறுத்திவிடுவது இன்னொரு தவறு. பிளேஆஃபுக்கு வரும் 16 அணிகளில் 15 தோற்றுத்தான் வெளியேறும். 1967இல் கோப்பையை வென்ற டொரண்டோ அதன் பிறகு பிளேஆஃபுக்கு வந்த ஒவ்வொரு முறையும் அதன் ரசிகர்கள் இதை அனுபவித்திருக்கிறார்கள். அப்படி நிறுத்தியவர்கள் 2024 இறுதிச்சுற்றைத் தவறவிட்டார்கள். எட்மன்டன் 0-3இலிருந்து எழுந்து 3-3 ஆக்கி, ஏழாவது ஆட்டத்தில் 1-2 எனப் புளோரிடாவிடம் தோற்றது. பிளேஆஃபின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருது தோற்ற அணியின் கானர் மெக்டேவிடுக்குப் போனது. உங்கள் அணி போனால், இருக்கும் தொடர்களில் ஒன்றை மட்டும் தேர்ந்துகொண்டு முதல் ஆட்டத்திலிருந்து கடைசி வரை பாருங்கள். எல்லாத் தொடர்களின் சுருக்கக் காட்சிகளையும் மேய்வதைவிட அதில் ஆட்டம் நன்றாகப் புரியும்.