அஸூர் கினெக்ட் கேமராவின் உடல் அசைவுத் தடமறிதலை ரோபோவுடன் இணைத்தல்

2019இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அஸூர் கினெக்ட் கேமராவின் உற்பத்தி நின்றுவிட்டது என்றாலும், உடலின் 32 மூட்டுகளை அடையாளம் காணும் அதன் மென்பொருள் ரோபோ ஆய்வுக்கு இன்றும் உதவும்.

உபுண்டு 18.04 (லினக்ஸ் வகை இயங்குதளம்) உள்ள கணினியில் முதலில் கேமராவை இயக்கும் சென்சார் மென்பொருள் தொகுப்பையும், அடுத்து உடல் தடமறிதல் தொகுப்பையும் நிறுவுங்கள். கேமராவை யூஎஸ்பி 3 துளையில் செருகி, நிர்வாகி உரிமையின்றி அதை இயக்க, சாதன அனுமதிகளைக் குறிக்கும் யூடெவ் விதிக் கோப்பையும் சேர்த்துவிடுங்கள். தடமறிதல் நரம்பியல் வலையமைப்பைச் சார்ந்தது என்பதால் என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை இருப்பது நல்லது. அது இல்லாமல் கணினியின் மையச் செயலியில் (சிபியூ) மட்டும் இயக்கினால் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும்.

தொடக்கத்திற்குக் குறுகிய பார்வைக் கோணமும் 640×576 பிக்சல் தெளிவும் கொண்ட ஆழ முறையே, அதாவது தொலைவை அளக்கும் முறையே, ஏற்றது. அதில் ஏறத்தாழ 0.5 முதல் 3.86 மீட்டர் தொலைவுக்குள் மனிதர் நிற்க வேண்டும். தொலைவை அளக்கக் கேமரா பயன்படுத்தும் அகச்சிவப்பு ஒளியை நேரடி வெயில் குலைக்கும் என்பதால் சன்னல்களை மறைப்பது அவசியம்.

பலர் தடுமாறும் இடம் அச்சு மாற்றம்தான். கேமரா மில்லிமீட்டரில், எக்ஸ் அச்சு வலப்புறமும் ஒய் கீழேயும் இசட் முன்னேயும் செல்லும்படி அளவு தருகிறது. ரோபோக்களுக்கான மென்பொருள் தளமான ஆர்ஓஎஸ்ஸின் மரபோ மீட்டரில், எக்ஸ் முன்னே, ஒய் இடப்புறம், இசட் மேலே என அமைந்தது. ஆகவே மதிப்புகளை ஆயிரத்தால் வகுத்து, கேமராவின் இசட்டை எக்ஸாகவும், எக்ஸின் எதிர்க்குறி மதிப்பை ஒய்யாகவும், ஒய்யின் எதிர்க்குறி மதிப்பை இசட்டாகவும் மாற்றுங்கள்.

மறைந்திருக்கும் மூட்டுகளின் இடத்தை மென்பொருள் ஊகித்துக் குறைந்த நம்பகத்தன்மை என்று குறிக்கும். அருகில் ஆள் நிற்கும்போது, அந்த ஊகத்தை நம்பி ரோபோவின் கையை அசைக்கவே கூடாது.