லிவர்பூல் சட்டை போட்ட பேரனுக்கு லிவர்பூலைச் சொல்லிக் கொடுக்க

என் பேரனுக்குப் பதினொரு வயது. லிவர்பூல் கால்பந்து ஆட்டம் என்றால் நள்ளிரவானாலும் மாமாக் கடையில் மைலோ ஐஸோடு உட்கார்ந்திருப்பான். "அந்த ஊரைப் பத்தி என்னடா தெரியும்?" என்று கேட்டேன். "ஆன்ஃபீல்டு மைதானம் இருக்கு, தாத்தா" என்றான். பினாங்குத் துறைமுகத்தில் முப்பது வருஷம் டாலி கிளார்க்காகச் சரக்கை எண்ணிச் சீட்டில் குறித்தவனுக்கு அந்தப் பதில் போதவில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு சிவப்புச் சட்டை இருந்தால், நான் செய்ததைச் செய்து பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

முதலில் ஒன்று: தேதியில் ஆரம்பிக்காதீர்கள். 1207இல் ஜான் மன்னர் சாசனம் கொடுத்தார் என்று நான் தொடங்கியதுமே பையன் போனை எடுத்துவிட்டான். தண்ணீரில் ஆரம்பியுங்கள்.

கடல் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்து, நம் பினாங்குச் சியூ ஜெட்டிக்குக் கூட்டிப் போங்கள். பலகை வீடுகளைத் தாங்கும் தூண்களில் சிப்பி ஒட்டியிருக்கும். அது எந்த உயரத்தோடு நிற்கிறது என்று காட்டுங்கள். நம் கடல் ஏறி இறங்குவது அந்த அளவுதான், ஏறக்குறைய ஓர் ஆள் உயரம். லிவர்பூல் நிற்கும் மெர்சி ஆற்றுமுகத்தில் பெருக்கு நாட்களில் அது ஒன்பது மீட்டரைத் தாண்டும், அதாவது மூன்று மாடி. கரையோரம் கட்டிய கப்பல் ஆறு மணி நேரத்தில் சேற்றில் உட்கார்ந்துவிடும். அப்புறம் எப்படிச் சரக்கு இறக்குவது?

இதற்கு வீட்டில் ஒரு சோதனை உண்டு. ஐஸ்கிரீம் டப்பாவின் ஒரு பக்கத்தில் கதவளவு வெட்டி, பாத்திரம் கழுவும் தொட்டியில் வையுங்கள். டப்பாவுக்குள்ளும் வெளியிலும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி தண்ணீர் நிரப்பி, ஒரு தீப்பெட்டியை வெட்டின வழியாக உள்ளே மிதக்க விடுங்கள். பிறகு வெட்டின இடத்தைப் பிளாஸ்டிக் துண்டால் மூடி, விளிம்பில் பிளாஸ்டிசின் அப்பி, தொட்டியின் அடைப்பைப் பிடுங்குங்கள். வெளியே தண்ணீர் போய்விடும், உள்ளே தீப்பெட்டி மிதந்துகொண்டே இருக்கும். எனக்கு முதல் தடவை ஒழுகி, பெட்டி தரை தட்டியது. "கப்பல் மாட்டிக்கிச்சு தாத்தா!" என்று பையன் கத்தினான். அந்தத் தோல்விதான் அவனுக்கு நன்றாகப் புரிந்தது. தாமஸ் ஸ்டியர்ஸ் என்ற பொறியாளர் லிவர்பூலில் 1715இல் கட்டி முடித்தது இதைத்தான்: கதவு வைத்த குளம், அதாவது டாக். சுமார் நூறு கப்பல் நிற்கும். நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து தொங்காங் படகில் சரக்கை இறக்கிப் பழகிய நமக்கு அந்தக் கதவின் அருமை தெரியும்.

அடுத்தது டாலி சீட்டு. ஒரு தாளில் மூன்று பத்தி கோடு போடுங்கள்: போனது, வந்தது, சுமந்தவர். 1700களின் லிவர்பூலுக்கு எழுதச் சொன்னேன். போனது: துணி, துப்பாக்கி, பித்தளைச் சாமான். வந்தது: சர்க்கரை, ரம், புகையிலை. சீட்டு சுத்தமாக இருந்தது. இங்கேதான் நிறுத்த வேண்டும். துணி போன இடம் மேற்கு ஆப்பிரிக்கா, சர்க்கரை வந்த இடம் கரீபியன். நடுவில் அதே கப்பலில் அடிமைகளாக ஏற்றப்பட்டவர்கள் மனிதர்கள். 1699இல் கிளம்பிய 'லிவர்பூல் மெர்ச்சன்ட்' என்ற கப்பல் 220 பேரைப் பார்படோஸில் கொண்டுபோய் இறக்கியது. 1807இல் சட்டம் தடுக்கும் வரை அந்த ஊர்க் கப்பல்கள் ஏறக்குறைய 5,000 தடவை அந்தப் பயணம் போயின. லிவர்பூல் துறையில் நின்ற என்னைப் போன்ற கிளார்க்கின் சீட்டில் அந்த மனிதர்கள் வரவே மாட்டார்கள், அவர்களை இறக்கியது வேறு கரையில். பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் 220 என்று எழுதினான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

"நம்ம கொள்ளுத்தாத்தாவும் அப்படித்தான் வந்தாரா?" என்று உடனே கேட்டான். இந்தக் கேள்வி நிச்சயம் வரும், தயாராக இருங்கள். என் அப்பா ரஜூலா கப்பலில் டெக்கில் படுத்து வந்தவர். வசதி ஒன்றும் இல்லை, ஆனால் கையில் டிக்கெட் இருந்தது. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடாதீர்கள்.

1800களுக்குப் புதுச் சீட்டு. வந்தது அமெரிக்கப் பருத்தி. அது உள்ளே போக 1830இல் மான்செஸ்டருக்கு ரயில். திறப்பு நாளிலேயே வில்லியம் ஹஸ்கிசன் என்ற எம்.பி. ரயிலில் அடிபட்டுச் செத்தார். அவர் பேரை ஒரு டாக்குக்கு வைத்தார்கள், அந்தப் பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். போனது? ஆட்கள்தான். 1830 முதல் 1930 வரை சுமார் 90 லட்சம் பேர் அந்தத் துறை வழியாக வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1846இல் திறந்த ஆல்பர்ட் டாக்கில் சரக்கு வைக்கும் கிட்டங்கிகளைச் செங்கல், கல், இரும்பு வைத்தே கட்டினார்கள். தீப்பிடிக்கும் என்று கட்டுமானத்தில் மரமே சேர்க்கவில்லை. இதைச் சொல்ல நல்ல இடம் நம் கிட்டங்கித் தெருதான்.

மூன்றாவது சீட்டில் நாம் வருகிறோம். ஆல்ஃப்ரெட் ஹோல்ட்டின் புளூ ஃபனல் கப்பல்கள் லிவர்பூலிலிருந்து 1866இல் கிழக்கே கிளம்பின. அகமெம்னன், அஜாக்ஸ், அக்கிலிஸ் என்று கிரேக்க வீரர்கள் பேர். ஈயமும் ரப்பரும் இங்கிருந்து அங்கே. நீலப் புகைபோக்கியை நம் கரையோர வெல்ட் கீயிலிருந்தே அடையாளம் கண்டுகொள்வோம். சுமந்தவர் பத்தியில் மலாய், சீன மாலுமிகளை மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஜெர்மின் ஸ்திரீட்டில் மலாய் மாலுமிகளுக்கு ஒரு கிளப்பே இருந்தது.

போரைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1941 மே முதல் வாரம் அந்த ஊரில் ஏழு இரவு குண்டு விழுந்தது. வெடிமருந்து ஏற்றிய மலகண்ட் கப்பல் வெடித்தது அதே ஹஸ்கிசன் டாக்கில். அந்த வருஷம் டிசம்பரில் ஜார்ஜ் டவுனிலும் குண்டு விழுந்தது.

கடைசிக்குப் பெர்ரியில் ஏறுங்கள். பாதிக் கடலில் பட்டர்வொர்த் பக்கம் கன்டெய்னர் கிரேன்கள் தெரியும். கன்டெய்னர் பெட்டி வந்ததும் லிவர்பூலில் 1972இல் தெற்கு டாக்குகளை மூடினார்கள். சரக்கு பெரிய கப்பலோடு சீஃபோர்த் டாக்குக்குப் போனது, மூட்டை தூக்கியவர்களுக்கு வேலை போனது. நம் ஊரிலும் தொங்காங்குகள் அப்படித்தான் காணாமல் போயின. இதை நான் சொல்லும்போது தொண்டை கொஞ்சம் கட்டியது, சரி, அது என் பாடு. அன்றைக்கு ஆட்டம் இருந்தால் மட்டும் சீக்கிரம் திரும்பிவிடுங்கள். இல்லாவிட்டால் பையன் கிரேனைப் பார்க்க மாட்டான், மணியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.