தப்பும் மின்கிட்டாரும்: சொல் மூழ்காமல் சத்தத்தைக் கூட்டுவது

ஒற்றைக் கிட்டாரோடு முதல் அல்பத்தைப் பாடியவர், இரண்டாவதில் டிரம்ஸ், பேஸ், மின்கிட்டார், தப்பு (தீயில் காய்ச்சி அடிக்கும் தோற்பறை) என்று எல்லாவற்றையும் சேர்க்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இலங்கை மலையகத்தின் ஹட்டனிலும் பண்டாரவளையிலும் அவருக்காகவே வரும் ரசிகர்கள் பழைய பாட்டுகளை வரி பிசகாமல் கூடப் பாடுகிறவர்கள். காமன் கூத்து என்ற தோட்டத்துச் சடங்குக் கூத்தின் தப்படியில் வளர்ந்த காதுகளுக்குச் சத்தம் புதிதில்லை. சொல் விளங்காவிட்டால்தான் முகம் சுளிப்பார்கள். 1965 ஜூலை 25இல் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டாரிசை விழாவில் பாப் டிலன் மின்கிட்டாரோடு மேடையேறிக் கூச்சல் வாங்கியது ஊரறிந்த கதை. அன்று கொதித்துப்போன மூத்த நாட்டாரிசைப் பாடகர் பீட் சீகர், ஒலி சிதைந்து சொல் கேட்காமல் போனதுதான் தன் கோபத்துக்குக் காரணம் என்று பின்னாளில் சொன்னார். எனவே வேலையைக் குரலிலிருந்து தொடங்குங்கள்.

குரலுக்கு இடம் ஒதுக்குதல்

பழைய பாட்டை வாத்தியக் குழுவோடு பாடும்போது சுருதியை இரண்டு அரைச்சுரம் ஏற்றிப் பாருங்கள். கிட்டாரில் கேப்போவை (கம்பிகளை அழுத்தும் கவ்வியை) இரண்டாம் கட்டையில் போட்டால் போதும். கீழ்ச் சுருதியில் முணுமுணுத்துப் பாடிய வரி பேஸுக்கும் டிரம்ஸுக்கும் அடியில் போய்விடும். அதைச் சத்தம் போட்டு மீட்கப் பார்த்தால் மூன்றாம் பாட்டில் தொண்டை கட்டும்.

தாலாட்டு, ஒப்பாரி வழி வந்த மெட்டுகளில் குரல் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே வழுக்கிப் போகும். அதன் கீழே மின்கிட்டார் டிஸ்டோர்ஷனோடு (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) முழுக் கோர்ட் வாசித்தால் கோர்ட்டின் நடுச்சுரம் குரலோடு உரசிக் கலங்கலாகக் கேட்கும். ஆதார சுரமும் பஞ்சமமும் மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். டிஸ்டோர்ஷனையும் வாசிப்பவர் கேட்பதில் பாதிக்குக் குறையுங்கள். பதிவில் அதுவே போதிய முரட்டுத்தனம் தரும்.

தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. ‘படம்’ வேறு, ‘பட்டம்’ வேறு என்று கேட்பது, ஒற்றெழுத்தில் நாக்கு ஒட்டி நிற்கும் அந்தக் கணநேர மௌனத்தால். நீண்ட எதிரொலி அந்த மௌனத்தை நிரப்பிவிடும். வல்லினமெல்லாம் வழவழத்துப் போகும். வேகமான பாட்டில் ரிவேர்ப் (அந்த எதிரொலி) ஒன்றரைச் செக்கனைத் தாண்ட வேண்டாம். குரலுக்குக் கம்பிரெசர் (உரத்த ஒலியை அடக்கும் கருவி) போட்டால் 3:1 விகிதம், அட்டாக் (அது அடக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 15 முதல் 25 மில்லிசெக்கன், உரத்த இடங்களில் 4 முதல் 6 டெசிபெல் குறைப்பு என்று தொடங்குங்கள். அட்டாக் மிக வேகமாக இருந்தால் ‘க’வும் ‘த’வும் வெடித்து வரும் முனை மழுங்கும். மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில் இருக்கிறது. மின்கிட்டார் குடியிருப்பதும் அங்கேதான். குரலை ஏற்றுவதை விட, பாடும் இடங்களில் கிட்டாரை அந்தப் பகுதியில் 3 டெசிபெல் இறக்குங்கள். குரலுக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். பேஸ் சேர்ந்த பிறகு மரக்கிட்டாருக்கும் அதே வெட்டு.

தப்பு

பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூட்டுவதற்கு) ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, கூத்துக்கு ஓர் அடி. எந்த அடியை வாசிக்கிறார் என்று தப்புக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். காதல் பாட்டுக்குக் கீழே சாவடியை வைத்தால் தோட்டத்துச் சனம் இரண்டு வரிக்குள் கண்டுபிடித்துவிடும். (கிட்டார் வாசிப்பவருக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தை அவருக்கும் கொடுங்கள். இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே வெட்கம்.) மாசியில் காமன் கூத்து நடக்கும் நாட்களில் அவரை மாலையில் அழைக்காதீர்கள், கிடைக்க மாட்டார்.

தோல் ஈரத்தில் தொய்யும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனிமூட்டம் இறங்கிய மாலையில், காய்ச்சிய தப்பு இரண்டு மூன்று பாட்டுக்குள் மந்தமாகிவிடும். இரண்டு தப்பு வையுங்கள். ஒன்று வாசிப்பில் இருக்கும்போது மற்றது காயட்டும். சருகு அல்லது கடதாசி மட்டையில் எரியும் இளந்தீ போதும். தோலை ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுற்றிக் காட்ட வேண்டும். கிட்டத்தில் பிடித்தால் தோல் கருகி விளிம்பில் வெடிக்கும். தகரத்தட்டில் தீ, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், வயர்கள் எட்டத்தில்.

தப்பின் ‘சடக்’கும் டிரம்ஸின் சினேரும் (சடசடக்கும் சிறு டிரம்) ஒரே இடத்துக்குச் சண்டை போடும். தப்பு ஓடும் பகுதிகளில் சினேரை நிறுத்திக் கிக்கை (காலால் அடிக்கும் பெரிய டிரம்மை) மட்டும் விடுங்கள். இதைச் செய்யாத பதிவுகளில் தப்பு அலங்காரத்துக்கு நிற்பது போலவே கேட்கும். பதிவில் மைக்கை 30 சென்டிமீட்டர் தள்ளி, தோலின் நடுவைப் பார்க்காமல் விளிம்புப் பக்கம் சரித்து வையுங்கள். மிக உரத்த அடி மீட்டரில் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாதபடி அளவைக் குறையுங்கள்.

லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பதிவு

தகரக்கூரையில் மழை விழுந்தால் அன்று குரல் பதிவு இல்லை, எந்த மென்பொருளும் அதை முழுதாக எடுக்காது. ஹட்டன், நுவரெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஜனவரி முதல் மார்ச் வரை ஒப்பீட்டளவில் வறண்ட காலம். பதுளைப் பக்கம் டிசம்பர், ஜனவரியில்தான் நனையும். காம்பராவின் (லயத்து அறையின்) சுவர் மூலையில் பாட வேண்டாம். பாடகருக்குப் பின்னால் மெத்தையைச் சாய்த்து, மைக்குக்கு ஒரு சாண் தள்ளி அவரை நிற்கவையுங்கள். ஈரக் காற்றில் கண்டென்சர் மைக் படபடவென்று இரையும். சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

கலவையை முடித்தபின் போன் ஸ்பீக்கரிலும் ஓடும் ஆட்டோவிலும் கேட்டுப் பாருங்கள், ரசிகர்கள் அங்கேதான் கேட்கப்போகிறார்கள். போனில் அடிச்சுரம் ஏறக்குறைய வராது. பேஸுக்குச் சிறிது கரகரப்பு சேர்த்தால் அதன் மேற்சுரங்களாவது கேட்கும். மாஸ்டரை (இறுதிப் பதிவை) நசுக்கி உரப்பாக்குவதில் பயனில்லை. ஸ்பொட்டிஃபை போன்றவை ஏறக்குறைய மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (உரப்பை அளக்கும் அலகு) அளவுக்கு எல்லாப் பாட்டையும் சமப்படுத்திவிடும். நசுங்கிய தப்பு அங்கே இன்னும் சின்னதாகக் கேட்கும்.

மேடை

மரக்கிட்டார் ஊளையிடுவது பெரும்பாலும் அதன் வயிற்றுக் காற்று அதிரும் 100 ஹெர்ட்ஸ் பகுதியிலும், மேற்பலகை அதிரும் 200 ஹெர்ட்ஸ் பகுதியிலும். ஒலித்துளைக்கு இறப்பர் மூடி போடுங்கள். அடங்காவிட்டால் ஊளை எழும் அதிர்வெண்ணைத் தேடி அதை மட்டும் குறுகலாக வெட்டுங்கள், அது கிட்டாருக்குக் கிட்டார் இடம் மாறும்.

தப்புக்காரரைப் பாடகருக்குப் பின்னால் நிறுத்தும் வழக்கத்தை விடுங்கள். முன்பக்கத்து ஒலியை அதிகம் வாங்கும் கார்டியாய்ட் மைக் பாடகரின் வாயை நோக்கித்தான் நிற்கிறது, பின்னால் இருக்கும் தப்பும் அதே திசை. குரலை ஏற்ற ஏற்றத் தப்பும் கூடவே ஏறும். பக்கவாட்டில் நிறுத்தினால் 6 டெசிபெல் அளவுக்குக் குறையும். பாடகர் தன் குரலைக் கேட்க வைக்கும் மொனிட்டர் ஸ்பீக்கரை மைக்கின் நேர் பின்புறத்தில் வையுங்கள், அங்கே அந்த மைக்குக் காது மந்தம்.

500 வாட்டுக்குப் பதில் 1,000 வாட் வாடகைக்கு எடுத்தால் கிடைப்பது 3 டெசிபெல்தான். காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். ஸ்பீக்கரை ரசிகருக்குப் பாதித் தூரம் கிட்டக் கொண்டுபோனால் செலவில்லாமல் 6 டெசிபெல். கோயில் குழாய் ஸ்பீக்கரில் பேஸை விடாதீர்கள். அதில் அடிச்சுரம் வராது, டயஃபிரம்தான் கிழியும்.

எதிர்மலையை மறக்க வேண்டாம். மேடையில் நின்று ஒருமுறை கைதட்டி எண்ணுங்கள். ஒரு செக்கனில் எதிரொலி திரும்பினால் மலை 170 மீட்டரில் நிற்கிறது. நடுத்தர வேகப் பாட்டில் அது இரண்டு தாளத்துக்குப் பின்னால் வந்து டிரம்ஸ்காரரைக் குழப்பும். ஸ்பீக்கர்களைச் சரிவின் நீளத்துக்குத் திருப்பி, கடைசி வரிசையை நோக்கிக் குனியவையுங்கள்.

மின்சாரத்தை லயத்திலிருந்து இழுத்தால் வயரின் தடிமனைப் பாருங்கள். 50 மீட்டர் தூரத்துக்கு 8 அம்பியரில் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரில் 6 வோல்ட்டளவு இறங்கும், 1 சதுர மில்லிமீட்டரில் 14க்கு மேல். சுருட்டி வைத்தால் சூடாகும். இரைச்சல் வருகிறதென்று பிளக்கின் எர்த்தைக் கழற்றக் கூடாது. மைக்கில் உதடு பட்டதும் ஷொக் அடிப்பது அப்படித்தான். இரைச்சலை, கிட்டாரை மிக்சரோடு இணைக்கும் டி.ஐ. பெட்டியின் எர்த் சுவிச்சில் தீருங்கள். மின்கசிவில் தானே அணையும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இல்லாத இடத்தில் ஈரத்தில் வாசிக்கவே வேண்டாம். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுங்கள். 2007இல் இலங்கையின் உயர் நீதிமன்றம் இரவு 10 முதல் காலை 6 வரை கட்டுப்பாடு விதித்திருக்கிறது. ஆகவே ஏழுக்குள் தொடங்கிவிடுங்கள்.

பாட்டு வரிசை

முதல் இரண்டு பாட்டும் பழையபடி கிட்டாரும் குரலும். மூன்றாவதில் பேஸ், நான்காவதில் தப்பு, அதன் பிறகு முழுச் சத்தம். பழைய பாட்டுகளில் ஒன்றை மட்டும் புது உருவில் வாசியுங்கள்; எல்லாவற்றையும் மாற்றினால் கூடப் பாட வந்தவர்களுக்கு எங்கே சேர்வது என்று தெரியாது. வேகத்தை மாற்றினாலும் வரிகளுக்கு நடுவில் மூச்சுவிடும் இடத்தை மாற்றாதீர்கள். புதுப் பாட்டின் வரிகளை ஒரு வாரம் முந்தியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் முதல் நாளே பல்லவிக்குக் குரல் கிடைக்கும்.

மின்சாரமே இல்லாமல் வாசிக்கக்கூடிய ஒரு பாட்டையாவது ஒத்திகை பாருங்கள். கரண்ட் போனதும் தப்பும் குரலும் தொடரட்டும். அதற்குள் ஒலி ஆள் ஆம்பிளிஃபயர்களை அணைத்து மிக்சரின் மாஸ்டர் வொலியூமை இறக்க வேண்டும். கரண்ட் வந்ததும் மிக்சர் முதலில், ஆம்பிளிஃபயர் கடைசியில்.